அந்த நீலம் எந்த நீலம்?

1932-ல் மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலை அயர்லாந்துக்கு ஐந்து நீராவி இன்ஜின்களைச் செய்து அனுப்பியது. டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் இடையே விரைவு வண்டிகளை இழுக்க அவற்றை வாங்கியது கிரேட் நார்தர்ன் ரயில்வே. ஈகிள், ஃபால்கன், மெர்லின், பெரெக்ரின், கெஸ்ட்ரல் என்று ஐந்துக்கும் வேட்டைப் பறவைகளின் பெயர்கள். கறுப்பு இன்ஜின்களையே ஓட்டிவந்த அந்தக் கம்பெனி, 1930-களில் தன் சிறந்த பயணிகள் இன்ஜின்களுக்கு வானநீலம் பூச ஆரம்பித்தது. உடம்பெல்லாம் நீலம், ஓரங்களில் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய கோடுகள், கீழே அடிச்சட்டம் மட்டும் பளிச்சென்ற சிவப்பு. பின்னால் வரும் பெட்டிகளோ வார்னிஷ் அடித்த மரப்பழுப்பு. கரியும் புகையும் கக்கிக்கொண்டு ஓடும் ஒரு எந்திரத்துக்கு இத்தனை அலங்காரம் செய்தவர்களின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது ஒருவர் அந்த மெர்லினை ஏறக்குறைய ஒரு சாண் நீள மாடலாகச் செய்து முடித்து, ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுக்கிறார். வானநீலம் என்று எழுதியிருக்கிறது, சரி. எந்த வானம்? ரயில் மாடல் செய்பவர்கள் ஆணிகளை எண்ணுவதற்குப் பெயர் பெற்றவர்கள். ஆணியை எண்ணிவிடலாம், சக்கரத்தின் ஆரங்களை எண்ணிவிடலாம், பழைய வரைபடம் கிடைத்தால் பாய்லரின் விட்டத்தை மில்லிமீட்டர் சுத்தமாக எடுத்துவிடலாம். நிறம் மட்டும் அப்படிப் பிடிபடுவதில்லை. வரைபடத்தில் அது இருக்காது. கிடைக்கும் சாட்சிகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் பொய் சொல்பவை.

முதல் பொய்ச்சாட்சி கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நிறம் தெரியாது என்பது மட்டுமல்ல அதன் குறை. கறுப்பு வெள்ளையையே அது மாற்றிச் சொல்லும். ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புகள் இயல்பாக நீல ஒளிக்கும் புறஊதாக் கதிருக்கும் மட்டுமே வினைபுரிபவை. 1873-ல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், சில சாயங்களைச் சேர்த்தால் பச்சையும் பதிவாகும் என்று கண்டுபிடித்தார். அப்படிப் பிறந்த ஆர்த்தோக்ரோமாட்டிக் தகடுகளும் ஃபிலிம்களும் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. அந்தக் கால இருட்டறைகளில் சிவப்பு விளக்கு தைரியமாக எரிந்ததன் ரகசியம் அதுதான். எல்லா நிறங்களையும் பதியும் பான்க்ரோமாட்டிக் தகடுகள் 1906-லேயே கடைக்கு வந்தன; ஆனால் அவற்றை முழு இருட்டில் கழுவ வேண்டும் என்பதால், ஸ்டேஷன் நடைமேடையில் கேமராவோடு நின்ற அமெச்சூர்களில் பலர் பழைய சரக்கை விடவில்லை.

விளைவைப் பாருங்கள். அப்படிப்பட்ட ஃபிலிமில் நீல இன்ஜின் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக வரும். சிவப்பு அடிச்சட்டம் கரிக்கறுப்பாக வரும். டொனகல் மாவட்டத்தின் குறுகிய பாதையில் 1959 முடிய ஓடிய கவுண்டி டொனகல் ரயில்வேயின் இன்ஜின்கள் ஜெரேனியப் பூவின் சிவப்பில் இருந்தவை. ஆர்த்தோ ஃபிலிமில் அவை துக்கத்துக்குப் போகிற மாதிரி இருக்கும். எந்தப் படம் எந்த ஃபிலிமில் எடுத்தது என்று தெரியாமல், இருட்டாகத் தெரிவது கறுப்பு, வெளிச்சமாகத் தெரிவது சாம்பல் என்று முடிவு கட்டினால் கதை கந்தல்.

இன்ஜின் கம்பெனிகளே எடுத்த படங்கள் இன்னும் மோசம். புது இன்ஜின் தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன், விவரங்கள் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று அதற்கு மங்கலான சாம்பல் நிறம் பூசிப் படமெடுப்பது அன்றைய வழக்கம். படம் எடுத்தபின் உண்மையான நிறத்தை அடித்துவிடுவார்கள். புத்தகங்களில் திரும்பத் திரும்ப அச்சாவது அந்தப் படம்தான்.

அயர்லாந்தில் வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே சாம்பல் நிறத்தில் ஓடியவையும் நிறைய. 1925-ல் தெற்குப் பகுதியின் கம்பெனிகளை இணைத்து உருவான கிரேட் சதர்ன் ரயில்வேஸ், தன் இன்ஜின்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் சாம்பலையே பூசியது. அதுவும் அரைகுறையாக அல்ல: பாய்லர், புகைப்பெட்டி, புகைபோக்கி, சக்கரம், அடிச்சட்டம் எல்லாம் ஒரே சாம்பல். வார்ப்பு எண் பலகையின் மேலேயே பெயின்ட் ஓடியிருக்கும். பிரிட்டிஷ் இன்ஜின்களைப் பார்த்துப் பழகிய மாடல்காரர்களின் கை, புகைப்பெட்டிக்கு வந்ததும் தானாகக் கறுப்பைத் தேடும். தப்பு. ஆனால் ஓடிக் களைத்த இன்ஜினின் படத்தைப் பார்த்தால் அந்தத் தப்பு நியாயமாகவே தோன்றும். கரி, எண்ணெய், சாம்பல் தூசி எல்லாம் ஏறி அது கறுப்பாகத்தான் நிற்கும். அந்தச் சாம்பல் கூட்டத்தில் 1939, 1940-ல் டப்ளினின் இன்சிகோர் பணிமனையில் பிறந்த மேவ், மாஹா, டைல்ட்டே என்ற மூன்று பெரிய இன்ஜின்கள் மட்டும் பச்சை உடுத்தி, ஐரிஷ் எழுத்தில் பெயர் பொறித்து வந்தன. மேவ் இன்று பெல்ஃபாஸ்ட்டுக்கு அருகே கல்ட்ரா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

வடக்கே இன்னொரு விசித்திரம். பெல்ஃபாஸ்ட் அண்டு நார்தர்ன் கவுன்டீஸ் ரயில்வே தன் இன்ஜின்களுக்குப் பூசியதன் பெயரே ‘கண்ணுக்குத் தெரியாத பச்சை’. நல்ல வெயில் பட்டால் பச்சை, இல்லாவிட்டால் கறுப்பு. அயர்லாந்தின் வெயிலை வைத்துக்கொண்டு எத்தனை பேர் அந்தப் பச்சையைப் பார்த்திருப்பார்களோ!

அப்படியானால் நேராக இரும்பையே கேட்டுவிடலாமே? கேட்கிறார்கள். எண் பலகையைக் கழற்றினால் அதன் பின்னால் வெயில் படாத பழைய பெயின்ட் கிடைக்கலாம். ஒரு சில்லைப் பெயர்த்து, குறுக்கே வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அடிப்பூச்சு, நிறம், வார்னிஷ், மறுபடி அடிப்பூச்சு, வேறொரு கம்பெனியின் நிறம் என்று அடுக்கடுக்காக ஒரு வரலாறே தெரியும். ஆனால் வார்னிஷ் வயதானால் மஞ்சளாகும். மஞ்சள் படலம் நீல ஒளியை விழுங்குவதால், அதன் கீழே இருக்கும் நீலம் பச்சை சாய்ந்து தெரியும். அருங்காட்சியக இன்ஜினின் மினுமினுப்பு இன்னொரு விஷயம். அது பிற்காலத்தில் பூசியது, அதாவது புதுப்பித்தவரின் முடிவு.

சரி, எப்படியோ நிஜ நீலத்தின் பெயின்ட் டப்பாவே கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை மாடலில் அடித்தால் தப்பாகத் தெரியும்! இருட்டாக, கனமாக, இன்ஜின் சுருங்கிவிட்டதுபோல இருக்கும். அதனால் அனுபவசாலிகள் துளி வெள்ளை கலந்து இளக்கிக்கொள்கிறார்கள். ஏன் இப்படி என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், தூரத்துப் பொருள்களைக் காற்று வெளிறச் செய்கிறது என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு அது ஒட்டவில்லை. 4 மில்லிமீட்டருக்கு ஒரு அடி என்ற அளவில், மாடல் நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு. அரை மீட்டரில் வைத்துப் பார்ப்பது நிஜ இன்ஜினை 38 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 38 மீட்டர் காற்று, மூடுபனி இல்லாத நாளில், ஒரு இன்ஜினை என்ன வெளிற வைத்துவிடும்?

வெளிச்சம்தான் பெரிய காரணமாக இருக்க வேண்டும். மேகம் மூடிய பகலில்கூட வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் ஒளி கிடைக்கும். வீட்டு விளக்கில் 200 வந்தால் பெரிது. ஒளி குறையக் குறைய நிறங்களின் வீரியமும் நம் கண்ணுக்குக் குறைந்துகொண்டே போகும். நிற அறிவியலில் இதற்கு ஹன்ட் விளைவு என்று பெயர். போதாததற்கு விளக்கின் குணம் வேறு. இரண்டு நீலங்கள் வெயிலில் அச்சாக ஒன்றுபோல் இருந்துவிட்டு, எல்இடி விளக்கின் கீழே ஒன்று ஊதாவாகவும் ஒன்று பச்சையாகவும் பிரிந்து போகும். பட்டுப்புடவைக் கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே மாடல் எந்த விளக்கின் கீழே ஓடப்போகிறதோ, அதன் கீழேதான் பெயின்ட் கலக்க வேண்டும்.

கோடுகளிலும் இதே சிக்கல்தான். நிஜ இன்ஜினில் கால் அங்குல வெள்ளைக்கோடு, மாடலில் 0.083 மில்லிமீட்டர்; ஒரு தலைமுடியின் தடிமன். இரண்டு உலோக நாக்குகளுக்கு இடையே பெயின்ட் நிற்கும் வரைபேனாவால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் அளவுக்குச் சரியான கோடு பல நேரம் கண்ணில் படாமலே போய்விடும் என்பதால், கொஞ்சம் தடிக்கவிட வேண்டியிருக்கும்.

1955 முதல் அயர்லாந்தில் நீராவிக்கு விடைகொடுக்க வந்த ஏ வகுப்பு டீசல்கள் மொத்தம் 60. பிரிட்டனின் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் செய்தவை. முதலில் அவற்றுக்கு வெள்ளி நிறம். டீசல் புகையும் பிரேக் தூசியும் பட்டு அந்த வெள்ளி சீக்கிரமே அலங்கோலமாகிவிட, பச்சைக்கும் பிறகு கறுப்புக்கும் மாறின. மாடலில் இந்த வெள்ளி படுத்தும் பாடு தனி. வெள்ளி பெயின்ட் மின்னுவது அதிலுள்ள அலுமினியச் செதில்களால். ஒரு செதில் 30 மைக்ரான் என்றால், 76 மடங்கு பெருக்கிப் பாருங்கள்: நிஜ இன்ஜினில் 2 மில்லிமீட்டருக்கும் மேலான ஜிகினா ஒட்டியது போல! நிஜ வெள்ளி பெயின்டைக் கொண்டு வெள்ளி இன்ஜின் மாடல் செய்ய முடியாது. மங்கல் சாம்பலில் துளி மினுக்கு சேர்த்து, மேலே அழுக்கையும் பூசினால்தான் வெள்ளியாகத் தெரிகிறது.

அழுக்கு என்றதும் தேதி வந்துவிடும். ஒரு இன்ஜினுக்கு ஒரு நிறம் என்று இல்லை. ஒரு தேதிக்கு ஒரு நிறம். நாட்டு எல்லையின் இரு பக்கமும் ஓடிய கிரேட் நார்தர்ன், 1958 அக்டோபர் 1-ல் வடக்கின் அல்ஸ்டர் போக்குவரத்து ஆணையத்துக்கும் தெற்கின் சி.ஐ.இ. நிறுவனத்துக்கும் பாகம் பிரிந்தது. வடக்கே போனவை காலப்போக்கில் கறுப்புக்கு மாறின. தெற்கே போனவற்றின் எண்ணுக்குப் பின்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்தது. நீலம் அப்படியே, ஆனால் யாரும் துடைக்காத நீலம். ஒரே ஒரு எழுத்தை எழுதுவதா வேண்டாமா என்பது, நீலத்தை எவ்வளவு அழுக்காக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

இவ்வளவும் சரியாகச் செய்து, இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தால் அங்கே ஒரு பழைய வம்பு காத்திருக்கும். அயர்லாந்தின் ரயில்பாதை அகலம் 5 அடி 3 அங்குலம். நம் அகலப்பாதையைவிட 3 அங்குலம் குறைவு, பிரிட்டனைவிட ஆறரை அங்குலம் அதிகம். தொடக்கத்தில் ஆளுக்கொரு அகலத்தில் பாதை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே புகுந்து அரசாங்கம் செய்துவைத்த சமரசம் அது, 1846-ல் சட்டமாயிற்று. 4 மில்லிமீட்டர் அளவில் அது 21 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளமோ 16.5. அதாவது நிஜ அளவில் 4 அடி ஒன்றரை அங்குலம். நீலத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் பலர், ஓரடிக்கு மேல் ஒடுங்கிய பாதையில் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நேராக எதிரே நின்று பார்த்தால்தான் அது தெரியும், ரயிலைப் பக்கவாட்டில்தானே பார்க்கிறோம். 21 மில்லிமீட்டர்தான் வேண்டும் என்பவர்கள் பாதையைத் தாங்களே கட்டுகிறார்கள், சக்கரங்களை அகட்டிப் பொருத்துகிறார்கள்.

இன்சிகோரில் பணியாற்றிய பொறியாளர் சிரில் ஃப்ரை தனக்காக அயர்லாந்து ரயில்களின் மாடல்களைப் பல பத்தாண்டுகள் கையாலேயே செய்துவந்தார். பணிமனை வரைபடங்கள் பக்கத்தில், நிஜ இன்ஜின்கள் ஜன்னலுக்கு வெளியே. டப்ளினுக்கு வடக்கே மாலஹைடில் 2020-ல் திறந்த மாடல் ரயில் அருங்காட்சியகத்தில் அவருடைய தொகுப்பு இருக்கிறது. மூலங்களில் பல பழைய இரும்புக்குப் போய்விட்ட நிலையில், நிறம் தேடி வருபவர்கள் இப்போது மாடல்களைப் பார்த்து மாடல் செய்யலாம். ஆனால் ஃப்ரை பெயின்ட் கலந்தபோது வெள்ளை சேர்த்தாரா, எவ்வளவு சேர்த்தார், மேலே அடித்த வார்னிஷ் இதுவரை எத்தனை மஞ்சளாகியிருக்கும் என்ற கணக்குகளை முதலில் கழித்தாக வேண்டும்.