ஒட்டிக்கொண்ட பட்டன்



நம் மருத்துவமனைக்குப் பல ஆண்டுகளாக உதவிவரும் ஒரு தாயார் சென்ற மாதம் எங்களுக்கு எழுதியிருந்தார்கள். கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் மகனுடைய அறையைப் பெருக்கும்போது, பித்தளைக் குழாய் போன்ற ஒரு பொருள் கிடைத்ததாம். அடியில் ஒரு பட்டன். அது கிடந்த இடத்தில் மெத்தை விரிப்பு வட்டமாகக் கருகியிருந்தது. "டார்ச் என்கிறான், வெளிச்சமே வரவில்லைங்க. இது என்ன?" என்று கேட்டிருந்தார்கள். உங்களில் வேறு சிலருக்கும் இந்தக் கேள்வி இருக்கலாம் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறோம்.

அது 'வேப்' என்று வாலிபர்கள் சொல்லும் மின் சிகரெட்டில் ஒரு வகை. தமிழ்நாட்டில் 2018-லும், நாடு முழுவதும் 2019-லும் மின் சிகரெட் தடை செய்யப்பட்டது. தயாரிக்கவும், இறக்குமதி செய்யவும், விற்கவும், விளம்பரம் செய்யவும், இருப்பு வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் திருட்டுத்தனமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி வரும் பொருளின் தரத்தைப் பார்ப்பவர் யாரும் இல்லை. புகையால் வரும் கேட்டைப் பற்றி இன்னொரு இதழில் எழுதலாம். இப்போது அந்தத் தாயார் பார்த்த கருகிய வட்டத்தைப் பற்றி மட்டும்.

நம் கொங்கு நாட்டில் பம்ப்செட்டை அறியாத வீடு குறைவு. கிணற்று மோட்டாருக்கு முன்னால் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. பச்சை பட்டன், சிவப்பு பட்டன், உள்ளே ரிலே, பக்கத்தில் பியூஸ். மோட்டார் அதிக கரண்ட் இழுத்தால் ரிலே விழுந்துவிடும். சில நேரம் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும்; சிவப்பை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது. அப்போது பியூஸைப் பிடுங்கி நிறுத்துவோம். ரிலேயும் இல்லை, பியூஸும் இல்லை, பாயிண்டும் ஒட்டிக்கொண்டது என்றால் மோட்டாரின் காயில் என்ன ஆகும் என்று ரீவைண்டிங் கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

அந்தப் பித்தளைக் குழாய் அப்படிப்பட்டதுதான். சாதாரண வேப் கருவியில் ஒரு சிறிய மின்சுற்று இருக்கும். பட்டனைச் சுமார் பத்து விநாடிக்கு மேல் அமுக்கினால் அது துண்டித்துவிடும்; ஷார்ட் ஆனாலும் துண்டிக்கும். இந்த 'மெக்கானிக்கல்' வகையில் அது கிடையாது. ஒரு லித்தியம் செல், ஒரு கம்பிச் சுருள், நடுவில் பட்டன், அவ்வளவுதான். சுருளின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட் கொடுக்கும். பாய்வது 21 ஆம்பியர், அதாவது சுமார் 88 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்!

சில விநாடிக்கு என்று செய்யப்பட்டது இது. பட்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, திரவம் கசிந்து பிசுபிசுத்தாலோ, தொடும் இடம் கரி பிடித்தாலோ பட்டன் திரும்பி வராது. பட்டன் அடியில் இருப்பதால், நேராக நிறுத்தி வைத்தாலே குழாயின் எடையில் அமுங்கிவிடவும் கூடும். சூடு ஏற ஏற ஸ்பிரிங் இன்னும் தளரும்; கோளாறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். செல்லுக்குள் சுமார் 130 டிகிரியில் இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய தாள் உருகத் தொடங்குகிறது. அதன்பின் பட்டனை விடுவித்தும் பயனில்லை. செல் தன் சூட்டிலேயே எரிந்து வாயுவைக் கக்கும். வாயு போக குழாயில் துளை இல்லாவிட்டால் அது வெடிகுண்டுதான்.

மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவில் 2018 மே மாதம் புளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்ஸாஸிலும் வேப் வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். டெக்ஸாஸில் இறந்த வாலிபருக்குச் சிதறிய உலோகத் துண்டு கழுத்து இரத்தக்குழாயை அறுத்திருந்தது. அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை நடந்த 195 தீ, வெடிப்பு சம்பவங்களைத் தொகுத்தது. எல்லா வகை மின் சிகரெட்டும் அதில் அடக்கம். காயப்பட்டோர் 133 பேர். 61 சம்பவங்களில் கருவியோ தனி செல்லோ சட்டைப்பையில் அல்லது கால்சட்டைப்பையில் இருந்தது. சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் தனி செல்லைப் போட்டால், ஒரு சாவி இரு முனையையும் தொட்டுவிட்டால் போதும்.

வேப் இல்லாத வீட்டிலும் இதே செல் உண்டு. ராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் தலையில் கட்டும் டார்ச்சைத் திறந்து பாருங்கள். கட்டைவிரல் பருமனில், 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். மேலே 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல கம்பெனி செல்லிலேயே சுமார் 3,500தான் இருக்கும். மேல் உறை கிழிந்த செல்லைப் போடாதீர்கள். படுக்கைக்கு அருகில் சார்ஜ் போடாதீர்கள். வேலூரில் 2022 மார்ச்சில் இரவில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

தீக்காயம் பட்டால் உடையை உடனே அகற்றுங்கள். செல்லின் இரசாயனம் துணியில் இருந்துகொண்டே தோலைத் தின்னும். இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் தெறித்திருந்தாலும் தண்ணீர்தான். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம்; அவற்றைச் சுரண்டி எடுப்பதற்குள் நோயாளி படும் பாடு எங்களுக்குத் தெரியும். 108-ஐ அழையுங்கள்.

இனி அந்தத் தாயாருக்கு. அம்மா, குழாயை நீங்கள் திருகிப் பார்க்க வேண்டாம். அது ஆறியிருக்கும்போது, மகனையே வெளித் திண்ணைக்கு அழைத்து, முகத்துக்கு நேரே பிடிக்காமல் செல்லைக் கழற்றச் சொல்லுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பயந்த பிள்ளை அதை அடுத்த முறை தலையணைக்கு அடியில்தான் ஒளித்து வைப்பான். என்றைக்காவது அது சுட்டாலோ, சீறும் சத்தம் கேட்டாலோ தொடாமல் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். கழற்றிய செல்லின் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தகர டப்பாவில் மணல் போட்டு வையுங்கள். குப்பை வண்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.