கடன் கொடுத்தவர் பங்காளியானால்

‘கடனைப் பங்காக மாற்றுதல்’ என்னும் சொற்றொடர் வர்த்தகச் செய்திகளில் அடிக்கடி தென்படுகிறது. நலிந்த கம்பெனியொன்றுக்குப் பாங்கிகள் இவ்விதம் கை கொடுத்தன என்று படிக்கும் நேயர்கள், கடன் தள்ளுபடியாயிற்று போலும் என்றெண்ணி அப்பால் செல்கின்றனர். அது தள்ளுபடியன்று. எனினும், விலை தவறாக நிர்ணயிக்கப்படுமாயின் தள்ளுபடியினும் கேடானது. தள்ளுபடி நஷ்டமென்று கணக்கில் ஏறும். இதுவோ சொத்து என்ற பெயரில் மறைந்திருக்கும்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதலாளியின் மூலதனம் 1 கோடி ரூபாய். பத்து ரூபாய் வீதம் 10 லட்சம் பங்குகள். பாங்கிக் கடன் 2 கோடி. வட்டி 12 சதவிகிதம், அதாவது வருஷத்துக்கு 24 லட்சம். ஜவ்வரிசி விலை சரிகிறது. குச்சிக் கிழங்கு கொடுத்த குடியானவனுக்கே பணம் பாக்கி நிற்கும்போது, வட்டிக்கு எங்கே போவது? பாங்கி தன் கடனில் ஒரு கோடியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக 10 லட்சம் புதிய பங்குகளைப் பெறுகிறது. வட்டிப் பளு பாதியாகிறது. பாங்கி ஆலையில் சரிபாதிக்கு உடைமையாளராகிறது. லாபம் வந்தால் பங்குண்டு, வராவிடில் கேட்பதற்கில்லை.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நலிந்த ஆலையின் பத்து ரூபாய்ப் பங்கு உண்மையில் ஐந்து ரூபாய்தான் பெறும் எனில், பாங்கி 20 லட்சம் பங்குகள் கேட்டிருக்க வேண்டும். பத்து ரூபாய் விலைக்கே ஒப்புக்கொண்டால், டிபாஸிட் போட்டவர்களின் பணத்திலிருந்து முதலாளிக்குச் சன்மானம் வழங்கியதாகவே பொருள்.

மேலும், ஸ்தாபனம் முறிந்தால் கடன் கொடுத்தவர் வரிசையில் முன்னே நிற்பார். பங்காளி கடைசியில் நிற்பார். நாமக்கல்லுக்குக் காவிரியின் அக்கரையில், கரூரில் 1926-ல் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். பாங்கியோடு இணைக்கப்பட்டபோது, டிபாஸிட்தாரர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் மூலதனமோ முழுவதும் ரத்தாயிற்று. கடனைப் பங்காக்கும் பாங்கி, அந்தக் கடைசி வரிசைக்குத் தானாகவே இடம் மாறுகிறது.

கிங்பிஷர் விமானக் கம்பெனியின் கதை இதற்குத் தக்க உதாரணம். 2011-ல் பாங்கிகள் தம் கடனில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டன. பங்கு ஒன்றுக்கு ஒப்புக்கொண்ட விலை 64 ரூபாய் 48 காசு. சந்தை விலையோ சுமார் 40 ரூபாய். கடையில் நாற்பதுக்குக் கிடைக்கும் சரக்கை அறுபத்து நான்குக்கு வாங்கும் வியாபாரி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவரேனும் உண்டா? 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன, பங்குகள் காகிதமாயின.

2015-ல் ரிஸர்வ் பாங்கு, கடனை மாற்றி 51 சதவிகிதப் பங்கேனும் பெற்று நிர்வாகத்தையே கைப்பற்றப் பாங்கிகளுக்கு வழி செய்தது. 2018 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கடன் வசூலிக்கத் தெரிந்த பாங்கி அதிகாரிக்கு உருக்காலையோ மின் நிலையமோ நடத்தத் தெரிய வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமுமன்று.

தவணை தவறிய நாமக்கல் லாரிக்காரரிடம், “உம்மோடு பங்காளியாகிறோம்” என்று எவரும் சொல்வதில்லை, வண்டி பறிபோகிறது. இந்தச் சலுகை பெருங்கடன்காரருக்கே உரியது. அது பொதுப் பணத்தில் தரப்படுவதாயின், மாற்றிய விலையையும் அன்றைய சந்தை விலையையும், அவ்விலையை மதிப்பிட்டவர் யாரென்பதையும் பகிரங்கமாக வெளியிடுவது பாங்கிகளின் கடமை.

சர்க்காரும் இதற்கு விலக்கல்ல. வோடபோன் ஐடியா கம்பெனி தரவேண்டிய பாக்கியில் 2023-ல் 16,133 கோடியும் 2025-ல் 36,950 கோடியும் பங்குகளாயின. சர்க்கார் வசம் ஏறத்தாழ 49 சதவிகிதம் வந்தது. இருமுறையும் விலை பத்து ரூபாய். இருமுறையும் சந்தை விலை அதற்குக் கீழேதான். முக மதிப்புக்குக் குறைத்துப் பங்கு வழங்கச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை என்று சமாதானம் கூறலாம். அப்படியாயின், அந்த வித்தியாசம் யார் கணக்கில் எழுதப்பட்டது?