தேமலுக்கு எண்ணெய் தடவாதீங்க

வெயில் ஏறினால் எங்கள் மாதனூர்ப் பக்கம் நிறையப் பேர் முதுகிலும் கழுத்திலும் தேமல் தெரியும். களை எடுப்பவரும் சரி, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் போய் வருபவரும் சரி, எல்லோருக்கும் பொதுவானது வியர்வை. 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்பார்கள். அதெல்லாம் இல்லை. மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தோலிலும் சும்மா குடியிருக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பெருகிவிடும். ஒட்டுவாரொட்டியும் அல்ல.

இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. நம் தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்றுதான் பிழைக்கிறது. நாமோ மூலிகையைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுகிறோம். களைக்குப் பஞ்சகவ்யா தெளித்த கதைதான்!

வேலியோரம் மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்குமே, சீமை அகத்தி, வண்டுகொல்லி என்றும் சொல்வோம். அதன் இலைச்சாற்றைத் தேமல் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994ல் வெளியானது, பலன் இருந்தது. எங்கள் வீட்டில் பச்சை இலையைத் தண்ணீர் விட்டு அரைத்து, சாயங்காலம் பூசி, அரை மணி கழித்துக் குளிப்போம். எரிந்தால் உடனே கழுவிவிடணும். எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வார்கள், வேண்டாம். அந்தச் சாறோடு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கறுத்துப்போகும்.

ரெண்டு மூணு வாரத்தில் கேட்கவில்லையென்றால் டாக்டரைப் பாருங்க. பெரும்பாலும் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதித் தருவார். பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். இயற்கை விவசாயி என்பதற்காக இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்தான் ஆகாது.

பூஞ்சை செத்த பிறகும் வெளுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்க. மாவு மாதிரி செதில் உதிராவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை போய்விட்டது, நிறம் வரத்தான் பாக்கி. அதுவரை மருந்தை மாற்றி மாற்றிப் பூச வேண்டாம்.

ஆனால் எதைப் பூசுவதற்கும் முன்னால் ஒரு சோதனை. கண்ணை மூடச் சொல்லி, வெளுத்த இடத்தில் பஞ்சுத் திரியால் தொடுங்க. தொட்டது தெரியவில்லை என்றால் அது தேமல் அல்ல, தொழுநோயாக இருக்கலாம். இலை அரைத்துக்கொண்டு நாளைக் கடத்தினால் நரம்பு போய் விரல் மடங்கிவிடும். 1955ல் இந்த நோய்க்கென்றே தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாமல் சாப்பிட வேண்டும்.