ஆறரை மணி நேரப் பயணமா?

பம்மலில் விமானச் சத்தத்துக்காகப் பாடத்தை நிறுத்தி நிறுத்தித்தான் நடத்த வேண்டும். அதையே ஏழாம் வகுப்புக்குக் கணக்காக்கினேன். சென்னையில் இரவு 11.00 மணிக்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் காலை 5.30 மணிக்கு இறங்குகிறது. தூரம் சுமார் 2,900 கி.மீ. வேகம் என்ன? நானே 6.5 ஆல் வகுத்து, மணிக்கு 446 கி.மீ. என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

"சார், எங்கப்பா நாலு மணி நேரத்துல போயிட்டேன்னு சொன்னாரே!" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதுதான் சரி. பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே அச்சிடுவார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அதைக் கழித்தால் 4 மணி நேரம். சராசரி வேகம் 725 கி.மீ. திரும்பும்போது கூட்ட வேண்டும்: அங்கே இரவு 8.00 மணிக்குக் கிளம்பி இங்கே 9.45 மணிக்கு இறங்கினால் பயணம் நாலேகால் மணி நேரம்.

தீர்க்கக்கோட்டை வைத்துச் சரிபார்த்தால் மாணவர்கள் குழம்புவார்கள். நம் நேரம் 82.5° கிழக்கைச் சார்ந்தது. சிங்கப்பூர் இருப்பதோ ஏறத்தாழ 104°இல். பாகைக்கு 4 நிமிடம் வீதம் 86 நிமிடமே வருகிறது. சிங்கப்பூர் சூரியனை முந்தியே கடிகாரத்தை வைத்திருக்கிறது. 1982இல் மலேசியாவோடு ஒத்துப்போக மேலும் அரை மணி நகர்த்திக்கொண்டது.

புதிதாக நடத்துவோர் கொழும்பிலிருந்து தொடங்கலாம். அங்கே 2006 முதல் நம் நேரமேதான்.