இலைக்கும் தாகம் உண்டு!

பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தை அடுத்த ஊர் ஏனாத்தூர். அக்கினி நட்சத்திர நாட்களில் இங்கே பகல் காற்று அனலாக வீசும். ஈரம் குறைந்துவிடும்.

காற்று காய்ந்தால் தறியில் நூல் அறுந்துபோகும். இதற்கு நெசவாளர்கள் அந்தக் காலத்திலேயே ஒரு வழி கண்டார்கள். தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தார்கள். பாவு நூல் தரையை ஒட்டியே ஓடியது. மண்ணின் ஈரம் அதைப் பதமாக வைத்தது. அதுதான் குழித்தறி!

நூலுக்கு வரும் அதே கஷ்டம் வீட்டுக்குள் வளர்க்கும் செடிக்கும் வருகிறது.

நுனி கருகுவது ஏன்?

அந்தூரியம், கலாத்தியா போன்றவை மழைக்காட்டுச் செடிகள். காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் பாதிக்கு மேல் இருந்தால்தான் அவை செழிக்கும். காய்ந்த காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. வேர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. இலை நுனி கருகுகிறது.

உடனே வீட்டார் என்ன செய்கிறார்கள்? தொட்டியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேரும் அழுகிவிடுகிறது!

ஏ.சி. அறையில் நிலைமை இன்னும் மோசம். வெளியே குழாயில் சொட்டுகிறதே தண்ணீர், அது அறைக் காற்றில் இருந்த ஈரம்தான். ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் செடியை வைக்கவே கூடாது.

இலையில் தண்ணீர் தெளித்தால் போதாதா? போதாது. சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைக்கலாம். பலன் கொஞ்சம்தான். செடிகளை நெருக்கமாக வைப்பதும் ஓரளவு உதவும்.

பாட்டிலுக்குள் ஒரு காடு

ஈரத்தை அடைத்து வைப்பதே நல்ல வழி. இதைத் தற்செயலாகக் கண்டவர் லண்டன் டாக்டர் நதானியல் வார்டு. 1829-ல் அவர் ஒரு பூச்சிக்கூட்டை ஈர மண்ணோடு கண்ணாடிப் பாட்டிலில் வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க ஆசை! ஆனால் மண்ணில் பெரணிச் செடி முளைத்தது. மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்கியது. 1833-ல் இப்படி மூடிய பெட்டிகளில் செடிகள் கப்பலேறி, பல மாதம் கழித்து ஆஸ்திரேலியாவில் உயிரோடு இறங்கின.

பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில் ஒன்று கிடைத்தால் சின்னப் பெரணியை அதில் வளர்க்கலாம். நேர் வெயிலில் வைத்தால் வெந்துவிடும். ஜாக்கிரதை!

கொசு வருமே!

கூழாங்கல் தட்டில் நிற்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே வாரம் இருமுறை தண்ணீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மணி பிளாண்டுக்குக் காய்ந்த காற்று அவ்வளவு பெரிய கவலை இல்லை. ஆனால் அது நிற்கிற பாட்டில் தண்ணீரையும் கொசு விடாது!