உறையாத குருதி

நுழையும்முன்

மனிதர் தம் நோயை மருத்துவரிடம் எடுத்துரைப்பர். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவர். கால்நடைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. உடலில் தோன்றும் குறிகளையும் உண்ட தீவனத்தையும் வாழும் சூழலையும் சான்றாகக் கொண்டே அவற்றின் நோய்க்குக் காரணம் தேட வேண்டும். அத்தகைய தேடல் ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்டது. மாடுகளைக் காக்கத் தொடங்கி, மனித உயிர்களையும் காக்கும் மருந்தில் சென்று முடிந்தது. அவ்வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

சமவெளியில் பரவிய அச்சம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலும் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலும் ‘சுவீட் குளோவர்’ என்னும் தீவனப்பயிர் பரவலாகப் பயிரிடப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இப்பயிர், வளம் குன்றிய மண்ணிலும் செழித்து வளரக்கூடியது, கடுங்குளிரைத் தாங்கவல்லது. கோடையில் அறுத்து உலர்த்திப் போராக அடுக்கி வைத்தால், நிலம் பனியால் மூடப்படும் மாதங்களில் மாடுகளுக்கு அதுவே உணவாகும்.

1920களின் தொடக்கத்தில், நலமாக இருந்த மாடுகள் திடீரென மடியத் தொடங்கின. சிலவற்றின் தோலுக்கடியில் பெரும் வீக்கங்கள் தோன்றின. அவற்றினுள் நிறைந்திருந்தது சீழன்று, குருதி. சிலவற்றின் மூக்கிலிருந்து குருதி ஒழுகியது. சிறு கீறலும் மரணத்திற்கு வழிவகுத்தது. ஓரிடத்தில் கொம்பு நீக்கப்பட்ட 22 பசுக்களுள் 21 பசுக்கள் குருதிப்பெருக்கால் இறந்தன. காயடிக்கப்பட்ட 25 இளங்காளைகளுள் 12 அவ்வாறே மடிந்தன. வழக்கமாக அச்சமின்றிச் செய்யப்படும் இச்சிறு அறுவைகள் உயிரைப் பறித்ததைக் கண்டு உழவர்கள் திகைத்தனர்.

முதல் ஐயம்

மந்தையில் பல மாடுகள் அடுத்தடுத்து இறக்கும்போது தொற்றுநோய் பற்றிய ஐயமே முதலில் எழும். இங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. தசையில் வீக்கத்தை உண்டாக்கும் சப்பை நோயையும், உடலின் உட்பகுதிகளில் குருதிக் கசிவை உண்டாக்கும் தொண்டை அடைப்பானையும் இப்புதிய நோய் ஒத்திருந்தது. ஆயினும் சில குறிகள் பொருந்தவில்லை. அவ்விரு நோய்களிலும் கடுங்காய்ச்சல் காணும். இம்மாடுகளுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் இல்லை. தொற்றுநோயாயின் ஒரு மந்தையிலிருந்து மற்றொரு மந்தைக்குப் பரவும். இந்நோய் அவ்வாறு பரவவில்லை. எந்த நுண்ணுயிரியையும் இதற்குக் காரணமாகக் காட்ட இயலவில்லை.

ஒரு நோய் எதுவென்று அறியும் முன்னர், அது எதுவன்று என்று அறிவது இன்றியமையாதது. பொருந்தாத குறி ஒவ்வொன்றும் ஒரு வழியை அடைத்து, தேட வேண்டிய பரப்பைச் சுருக்குகிறது.

தெரிந்து தெளிவோம்

மாடு திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றின் வழியே கருமையான, உறையாத குருதி வெளிப்பட்டால் அது ‘அடைப்பான்’ என்னும் கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். அத்தகைய உடலை அறுத்துப் பார்த்தல் கூடாது. காற்றுப்பட்டவுடன் அந்நோய்க்கிருமிகள் வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்கும், மனிதரையும் தாக்கும். கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் கூறும் முறையில் உடலை அப்புறப்படுத்துதல் வேண்டும்.

முயல்கள் காட்டிய சான்று

கனடாவின் ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பிராங்க் ஸ்கோஃபீல்டு இந்நோயை ஆராய்ந்தார். நோயுற்ற மாடுகள் அனைத்தும் சுவீட் குளோவர் உலர்தீவனத்தை உண்டவை என்பதைக் கண்டார். ஆனால் அத்தீவனத்தை உண்ட மாடுகள் எல்லாம் நோயுறவில்லை. எனவே, பயிரே நஞ்சு என முடிவு கட்ட இயலாது. ஈரம் உலராமல் அடுக்கப்பட்டுப் பூஞ்சை பிடித்த தீவனம் தரப்பட்ட இடங்களிலேயே நோய் தோன்றியது.

இவ்வெண்ணத்தைச் சோதிக்க அவர் மேற்கொண்ட முறை எளிமையானது. ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்டுப்போன தண்டுகளையும் தனித்தனியே பிரித்தெடுத்து, வெவ்வேறு முயல்களுக்குக் கொடுத்தார். நல்ல தண்டுகளை உண்ட முயல் நலமாக இருந்தது. கெட்டுப்போன தண்டுகளை உண்ட முயல் உட்குருதிக் கசிவால் இறந்தது. இரண்டும் ஒரே போரில் இருந்தவை. பழுது ஒன்றே வேறுபாடு. ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஒத்தவையாக வைத்து ஒப்பிடுவதே அறிவியல் ஆய்வின் உயிர்நாடியாகும்.

குருதியில் குறைந்தது எது?

தீவனமே காரணம் என்பது தெளிவாயிற்று. எனினும் அது உடலில் என்ன செய்கிறது என்பது விளங்கவில்லை. வடக்கு டகோட்டாவில் ஆராய்ந்த கால்நடை மருத்துவர் லீ ரோடெரிக் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். காயம்பட்டவுடன் குருதி உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்பட வேண்டும். அவற்றுள் ஒன்றான புரோத்திராம்பின், நோயுற்ற மாடுகளின் குருதியில் மிகவும் குறைந்திருந்ததை அவர் கண்டறிந்தார். நலமான மாட்டின் குருதியை ஏற்றியபோது நோயுற்றவை தேறின.

கெட்ட தீவனத்தை உண்ட அன்றே மாடு நோயுறாதது ஏன் என்பதும் இதனால் விளங்கியது. உடலில் முன்பே உள்ள புரதம் செலவாகித் தீரும் வரை வெளிக்குறி தோன்றுவதில்லை. அதற்குச் சில வாரங்கள் ஆகும். பல நாள்களாக உண்டுவரும் தீவனத்தின்மீது எவருக்கும் ஐயம் எழுவதில்லை. நோயின் காரணம் இவ்வாறு காலத்தின் திரைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

பனிப்புயலில் ஒரு பயணம்

காரணம் அறியப்பட்டும் துன்பம் நீங்கவில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்துதல், புதுக்குருதி ஏற்றுதல் ஆகிய இரு வழிகளே இருந்தன. பொருளாதார வீழ்ச்சியால் நலிந்திருந்த உழவர்க்கு இருந்த தீவனத்தை எறிந்துவிட்டு வேறு வாங்க இயலவில்லை. குருதி ஏற்றவும் வசதி இல்லை.

1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர் பனிப்புயலுக்கிடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்து மேடிசன் நகரை அடைந்தார். இறந்த கிடாரி ஒன்று, பால் கொள்கலன் நிறைய உறையாத குருதி, ஏறத்தாழ 45 கிலோ கெட்டுப்போன சுவீட் குளோவர் ஆகியவற்றை வண்டியில் ஏற்றி வந்திருந்தார். அவர் தேடிச் சென்ற கால்நடை மருத்துவ அலுவலகம் விடுமுறையால் மூடப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் திறந்திருந்த கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் ஆய்வகத்துக்குள் அவர் நுழைந்தார். தீவனத்தை மாற்றுமாறு கூறுவதைத் தவிர அன்று லிங்க்கால் வேறொன்றும் செய்ய இயலவில்லை. ஆனால் அவ்வுழவர் விட்டுச்சென்ற சுமை ஆய்வகத்திற்கு ஒரு கடமையை விதித்தது.

உழவர் கொண்டுவந்தவற்றை நோக்குக: இறந்த உடல், அதன் குருதி, அது உண்ட தீவனம். நோயறியத் தேவையான மூன்று சான்றுகளையும் அவர் தவறாமல் சேர்த்திருந்தார்.

நஞ்சு மருந்தாதல்

லிங்க்கும் அவருடைய மாணவர்களும் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தனர். தீவனத்திலிருந்து பிரித்தெடுத்த ஒவ்வொரு பகுதியையும் முயல்களுக்குக் கொடுத்து, குருதி உறைய ஆகும் நேரத்தை அளந்தனர். 1939 ஜூனில் ஹெரால்டு கேம்ப்பெல் என்னும் ஆய்வாளர் நஞ்சைத் தூய படிகங்களாகக் கண்டார். அடுத்த ஆண்டில் அதன் அமைப்பு உறுதிசெய்யப்பட்டது. ‘டைகூமரால்’ எனப் பெயர் பெற்றது அப்பொருள்.

சுவீட் குளோவரின் நறுமணத்திற்குக் காரணம் கூமரின் என்னும் வேதிப்பொருள். அது குருதி உறைதலைத் தடுப்பதில்லை. ஈரமான போரில் வளரும் பூஞ்சைகளின் செயலால் கூமரினிலிருந்து டைகூமரால் உருவாகிறது. அது வைட்டமின் ‘கே’யின் செயற்பாட்டைத் தடுக்க, கல்லீரலில் குருதி உறைதலுக்கான புரதங்கள் முழுமை பெறாது போகின்றன. நோயின் மாற்றுமருந்தும் இதிலிருந்தே கிடைத்தது: வைட்டமின் ‘கே’.

உறையாக் குருதி மாட்டைக் கொன்றது. தேவையற்ற இடத்தில் உறையும் குருதியோ மனிதரைக் கொல்கிறது. குருதிக்குழாயில் உறைகட்டி உண்டாகும் நோயாளிகளுக்கு டைகூமரால் 1940களில் மருந்தாக வழங்கப்பட்டது. அதன் வழியில் லிங்க்கின் ஆய்வகம் உருவாக்கிய வார்ஃபரின், 1948இல் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. 1955இல் மாரடைப்புற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அம்மருந்து அளிக்கப்பட்டது. அளவறிந்து, குருதியைத் தொடர்ந்து சோதித்து அளிக்கும்போது நஞ்சே நலம் தருகிறது.

நம் வயல்களில்

நோய் வேறாயினும் நோயறியும் முறை ஒன்றே. தமிழகத்தில் இளஞ்சோளப் பயிரையும் வறட்சியால் வாடிய சோளத்தையும் மேய்ந்த மாடுகள் சிறிது நேரத்தில் மூச்சுத்திணறி விழுவதுண்டு. அப்பயிரிலிருந்து உண்டாகும் சயனைடு நஞ்சே அதற்குக் காரணம். அங்கே குருதி ஒளிமிக்க செந்நிறமாகத் தோன்றும். சாவு விரைந்து வரும். குளோவர் நோயிலோ காரணத்திற்கும் விளைவிற்கும் இடையே வாரங்கள் கழிகின்றன. குறிகளின் தன்மையும் அவை தோன்றும் காலமும் சேர்ந்தே காரணத்தைச் சுட்டுகின்றன.

எனவே மாடு திடீரென நோயுற்றால், அது கடைசியாக எங்கே மேய்ந்தது, தீவனம் எப்போது மாற்றப்பட்டது, மந்தையில் எவை நோயுற்றன, எவை நலமாக உள்ளன என்பவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். மீதமுள்ள தீவனத்தை எறியாமல் பாதுகாத்தல் வேண்டும். மருத்துவருக்கு அவை மருந்தினும் முந்திய தேவையாகும். பேசாத உயிரின் சார்பில் பேச வேண்டியவர் அதனை வளர்ப்பவரே. அவர் தரும் செய்தி துல்லியமாக அமையும் அளவிற்கே அவ்வுயிர் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் கால்நடை வளர்ப்போரைச் சந்தித்து, மழைக்காலத்தில் தீவனம் பூஞ்சை பிடிக்காமல் பாதுகாக்க அவர்கள் பின்பற்றும் முறைகளைத் தொகுத்து எழுதுக.

2. ஒரே போரின் நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் ஸ்கோஃபீல்டு ஒப்பிட்டதன் காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.