கங்கைக் கரையிற் கண்ட கயல்

கண்ணுக்குக் கயலை உவமை கூறுவது தமிழ்ப் புலவர் நெடுங்கால வழக்கு. முப்பது ஆண்டுகளாக அவ்வுவமையை மாணாக்கர்க்கு விளக்கி வந்தவன் யான். கரும்பலகையில் மீன்வடிவொன்று வரைவேன்; அதன் நடுவே கருமணி ஒன்றை இடுவேன்; "இருபுறமும் கூர்ந்து நடுவே அகன்றிருத்தலால் கயல் கண்ணுக்கு உவமையாயிற்று" என்று முடிப்பேன். மாணாக்கரும் எழுதிக்கொள்வர். பரீட்சையிலும் அவ்வாறே விடை எழுதிப் புள்ளி பெறுவர்.

சில ஆண்டுகளுக்கு முன், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையோரம் வாழும் எளிய குடும்பத்தவன். இலக்கணப் பாடத்தில் ஒருநாளும் வாய் திறவாதவன். "சேர், கெண்டை தண்ணிக்குள்ள இப்படி இருக்காது. நீங்க உயிரோட பார்த்திருக்கிறீங்களா?" என்றான். வகுப்பு நகைத்தது. யான் சினந்து அவனை அமரச் செய்தேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அவன் வினாவில் பிழையொன்றும் இல்லை. யான் கெண்டையைக் கண்டதெல்லாம் சந்தையில், அதுவும் உயிர் நீங்கிய பின்னரே. மறுநாள் அவனைத் தனியே அழைத்து, "பார்த்ததில்லை, தம்பி. எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டேன். "சனிக்கிழமை விடியக்காலை தாத்தாவோட தூண்டில் போடப் போவேன். வாங்க, சேர்" என்றான்.

கண்டியில் மீன் காண விழைவோர் முதலில் நினைப்பது நகர நடுவே உள்ள வாவியை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில், 1807ஆம் ஆண்டளவில் அமைந்தது அது. ஆங்கே தூண்டிலிடத் தடையுண்டு. பொரி தூவி மகிழலாம், அவ்வளவே. தூண்டிற்காரர் நாடுவது மகாவலி கங்கையை. 335 கிலோமீற்றர் ஓடும் அந்நதியைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு மறித்தனர். அதனால் மறிப்புக்கு மேலே நீர் விரைவு குன்றித் தேங்கி நிற்கிறது. சேற்றடியும் அமைதியும் வேண்டும் கெண்டைக்கு இத்தகைய நீரே உகந்தது. இன்று தூண்டிலில் அகப்படும் பெருங்கெண்டை நம் புலவர் கண்ட கயல் அன்று. 1915ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து இத்தீவுக்குக் கொணரப்பட்ட இனம். ஆயினும் நம் நாட்டுச் சிறு கெண்டைகளும் அதுவும் ஒரே குடும்பத்தனவே.

முதல் நாள் யான் செய்தவை யாவும் பிழை. வெள்ளை வேட்டியோடு கரையின் விளிம்பில் நின்றேன், செருப்பொலி எழ நடந்தேன், கனைத்தேன். பெரியவர் சிரித்து, "வாத்தியாரையா, மெதுவா. அதுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார். யான் அதனை நாட்டார் நம்பிக்கை என எண்ணினேன். பின்னர் நூல்களை நோக்கியபோது அவர் கூற்று மெய்யெனத் தெரிந்தது. கெண்டை இனத்து மீன்களுக்கு உடலினுள் உள்ள காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் ஒன்றுண்டு. அதனால் சிறு அதிர்வையும் அவை உணரும். ஆகவே தூண்டிற்காரன் கற்க வேண்டிய முதற்பாடம் நடை. மண்நிறத்து உடை நன்று. நீரின்மீது நிழல் விழாதவாறு சற்றுப் பின்தள்ளி அமர்தல் அதனினும் நன்று.

இரண்டாவது, இடம் அறிதல். கெண்டை அடிச்சேற்றைக் கிளறி உண்பது. அது மேயுமிடத்தில் சிறு குமிழிகள் கூட்டமாக மேலெழும்; நீர் ஓரிடத்தில் மட்டும் கலங்கும். கரைமரம் நீரின்மேற் கவிந்த நிழலிலும், நீரோட்டம் திரும்பி அடங்கும் மூலையிலும் இக்குறிகளைத் தேடுக. காலம் விடியலும் அந்தியும்.

மூன்றாவது இரை. பாணின் உட்சதையைச் சிறிது தேங்காய்ப் புண்ணாக்கோடு பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி முள்ளில் ஏற்றுவார் பெரியவர். அவித்த சோளமணியும் மண்புழுவும் ஆகும். தூண்டில் இடுமுன் அதே இரையில் ஒரு பிடியைத் தூவ வேண்டும். யான் ஆர்வ மிகுதியால் அள்ளி எறிந்தேன். "பசியாறின மீன் முள்ளத் தேடி வராது, ஐயா" என்றார் அவர். மாணாக்கர்க்கு ஒரே நாளில் பத்துச் செய்யுள் புகட்டும் என் வழக்கம் எனக்கு நினைவு வந்தது.

நான்காவது பொறுமை. கெண்டையின் தாடையிற் பல் இல்லை. பல் தொண்டையிலே உள்ளது. ஆதலின் அது இரையைக் கவ்வாது. உறிஞ்சும், உமிழும், மீண்டும் உறிஞ்சும். அதற்கேற்ப மயிலிறகுத் தண்டாலான தக்கை முதலில் நடுங்கும், பின் சாயும். நடுங்கும்போது இழுப்பவன் வெறுமுள்ளையே காண்பான். தக்கை ஒருபக்கமாக வழுக்கிச் செல்லும்போதே தடியை உயர்த்த வேண்டும். யான் மூன்று சனிக்கிழமைகள் வெறுமுள்ளையே கண்டேன். நான்காம் முறை மீன் சிக்கியது, அவசரத்தில் இறுகப் பற்றினேன், தங்கூசி அறுந்தது. ஓடும் மீனுக்கு இடங்கொடுத்து, அது களைத்தபின் ஈர்ப்பதே முறை என்று அப்போது அறிந்தேன். சூதில் வரும் வெற்றியைத் தூண்டில் இரைக்கு ஒப்பிட்ட வள்ளுவரும் இப்படியொரு கரையில் அமர்ந்திருப்பாரோ என எண்ணினேன்.

ஐந்தாவது விழிப்பு. மேலே மழை பெய்தாலும் அணைக்கதவுகள் திறப்பினும் நீர்மட்டம் விரைந்து உயரும். நீருக்கு நடுவிலுள்ள பாறையில் அமர்தல் ஆகாது.

ஆறாம் முறை ஏறத்தாழ இரண்டு கிலோ நிறையுள்ள கெண்டையொன்று கரையேறியது. கையை நனைத்த பின்னரே அதனைத் தொடுமாறு மாணவன் சொன்னான். உலர்ந்த கை அதன் மேனியிலுள்ள வழுவழுப்பை உரித்துவிடுமாம். யான் சைவ உணவினன். அதனை நீரில் விட்டேன். பெரியவர் வீட்டுக்கு ஒன்று கொண்டுபோவார். கொல்லாமை பேசும் இந்நகரில் இஃது இன்றும் தீராத வினா. நன்னீர் மீன்வளர்ப்புக்கான அரச ஆதரவு 1990ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு 1994இல் மீண்டும் தொடங்கியமை பலர் அறிவர். அவர் உலையைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மகாவலிப் படுகையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத, இன்று அருகிவரும் 'கடயா' என்னும் கெண்டை அகப்பட்டால், அவரும் மறுபேச்சின்றி அதனை விட்டுவிடுவார்.

யான் விட்ட மீன் மறைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையோரத் தெளிநீரில் விரலளவுச் சிறு கெண்டைகள் கூட்டமாய் நின்றன. மேலிருந்து நோக்கின் கருமுதுகே தெரிந்தது. மாணவன் கையசைத்தான். கூட்டம் புரண்டது. ஒரு கணம் வெள்ளி வயிறு மின்னியது. மறுகணம் மீண்டும் கருமை. வெண்மையும் கருமையும் மாறிமாறிப் பிறழ்ந்தன. இமையா விழிகள் அத்தனையும் எம்மை நோக்கின.

"இதுதான் சேர்" என்றான் அவன்.

உவமை வடிவில் மட்டும் இல்லை, பிறழ்ச்சியில் உள்ளது. கண் என்பது கரியும் வெளியும் ஒன்றையொன்று துரத்தும் ஓர் அசைவு. அதனை நீரிற் கண்டவனே கயல் என்று பாடினான். யான் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்தது செத்த மீனை.

திங்கட்கிழமை வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டேன். உவமையை விளக்கும்படி அவனையே அழைத்தேன். கூச்சத்தோடு வந்தவன், உள்ளங்கையைக் கருமேகம்போற் கவிழ்த்துச் சட்டெனப் புரட்டிக் காட்டினான். யாரும் நகைக்கவில்லை. அவன் அவ்வாண்டுப் பரீட்சையில் முதல்வன் ஆகிவிடவில்லை. ஆயின் அதன்பின் வகுப்பில் வாய் திறந்து வினவலானான்.

ஆசிரிய நண்பர்காள், மாணாக்கரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்; தூண்டில் இன்றியேனும் செல்லுங்கள். நீர் கலங்கி அச்சிறு கெண்டைகள் அற்றுப்போமாயின், நம் நூல்களில் கயல் என்னும் சொல் எஞ்சும்; அதன் பொருளைக் காட்ட நமக்குக் கரும்பலகை ஒன்றே மிஞ்சும்.